பலகை அடிக்கப் போய்ச் சுவரைத் திறந்த கதை

மகளின் புத்தகத் தட்டு இரவு பதினொன்றரைக்கு விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா "கள்ளன், கள்ளன்" என்று கத்த, முன்வீட்டு லைற்றும் எரிந்து, ஒழுங்கையில் நின்ற நாயெல்லாம் குரைக்கத் தொடங்கிவிட்டன. நான் ரோர்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தால் கள்ளனும் இல்லை, ஒன்றும் இல்லை. உயர்தர இரசாயனவியல் புத்தகங்களும் பாஸ்ட் பேப்பர் கட்டுகளும் கட்டிலுக்குக் கீழ்வரை சிதறிக் கிடந்தன. தட்டு இருந்த இடத்தில் சுவரில் நான்கு ஓட்டை. ஒவ்வொன்றும் கோழிமுட்டை போகும் அளவு. ஸ்குரூ பிடிக்கச் சுவருக்குள் செருகியிருந்த பிளாஸ்டிக் பிளக்குகள் ஜிப்சத்தைக் கவளம் கவளமாகப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீடு அப்புவின் காலத்துக் கல்வீடு. ஓட்டுக் கூரை, பனஞ்சலாகை, நடுவில் நீண்ட ஹோல். பிள்ளைகள் வளர, 2012 இல் ஹோலை மறித்து ஓர் அறை எடுத்தோம். கல்லுச் சுவர் கட்டியிருக்கலாம். ஆனால் ஹோலின் நடுவில் அத்திவாரம் கிடையாது. வெறும் நிலத்தின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றினால் நிலம் வெடிக்கும் என்று மேசன் சொன்னார். அதனால் மரச்சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் ஜிப்சம் போட்டார்கள். மூன்றே நாளில் வேலை முடிந்தது. வெள்ளை அடித்த பிறகு உண்மையான சுவர் மாதிரியே இருந்தது. தட்டினால்தான் குட்டு வெளிப்படும், வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வரும். கதவைக் காற்று அடித்துச் சாத்தினால் ஹோலில் தொங்குகிற சாமிப்படம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும்.

ஜிப்சம் என்பது இரண்டு தடித்த கடதாசிக்கு நடுவில் இறுகிய மா. படம், மணிக்கூடு போல சுவரோடு ஒட்டித் தொங்குகிறவற்றை ஓரளவு தாங்கும். முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற தட்டு வேறு விசயம். பத்து அங்குலத் தட்டின் விளிம்பில் புத்தகத்தை அடுக்கினால், அது அலவாங்கு போட்டு நெம்புவது மாதிரி மேல் ஆணியை வெளியே இழுக்கும். நாங்கள் அடுக்கியதோ இரண்டு வருடத்து உயர்தரப் புத்தகங்கள்.

அதற்குப் பிறகுதான் சுவருக்கு மரப்பலகை அடிக்கிற யோசனை வந்தது. சட்டத்தின்மேல் 12 மில்லிமீற்றர் பிளைவுட் இருந்தால் தட்டை எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம், ஸ்குரூ பிடிக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. தனித்தனியாக நிமிர்ந்து நிற்கிற சட்டங்களை முழுப்பலகை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிடுவதால் சுவர் பக்கவாட்டில் ஆடாது. ஆனால் யோசித்த காலம் சரியில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, பிளைவுட் விலையைக் கடையில் கேட்கவே பயமாக இருந்தது. புத்தகங்கள் ஒரு வருடத்துக்கு மேல் மகளின் கட்டிலுக்குக் கீழேயே இருந்தன. 2023 ஆவணியில்தான் கை வைத்தோம்.

என்னுடைய திட்டம் சுகமானது. ஜிப்சத்தைக் கழற்றாமல் அதன்மேலேயே பிளைவுட்டை வைத்து, நீளமான ஸ்குரூவால் பூட்டிவிடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்களுக்குத் தெரிந்த ஓடாவியார் (தச்சர்) ஒருவர், அறுபது தாண்டியவர், வந்து பார்த்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், மறுத்து ஒன்றும் கதைக்கவில்லை. குனிந்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் பெருவிரலை வைத்து அமத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"தம்பி, பூச்சு நிக்குது. சுவர் நிக்குதோ எண்டு திறந்துதான் பாக்க வேணும்" என்றார்.

திறந்தோம். அறைப்பக்கத்து ஜிப்சத்தைப் பொருத்துகளில் கத்தியால் கீறி, காந்தம் வைத்து ஸ்குரூத் தலைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றினோம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தம் போதும். ஸ்குரூ இருக்கிற இடத்தில் அது ஒட்டி நிற்கும், ஸ்குரூக்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் உள்ளே கால் நிற்கிறது என்று அர்த்தம். நிமிர்ந்து நிற்கிற சட்டத்தை ஓடாவியார் "கால்" என்றுதான் சொல்லுவார், நானும் அப்படியே எழுதுகிறேன். தூசி பற்றி ஒரு வார்த்தை: கதவில் ஈரச்சீலை தொங்கவிட்டும், மூக்குக்கு மாஸ்க் போட்டும், மூன்று நாள் எங்கள் சோற்றில் ஜிப்சம் இருந்தது.

உள்ளே பார்த்தபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. நிலத்தோடு படுத்திருந்த அடிச்சட்டம் பார்வைக்கு முழுசாக இருந்தது. ஓடாவியார் உளியால் தொட்டதும் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே மரமே இல்லை, மண். அதிலிருந்து இரண்டு கால்களில் முழங்கால் உயரத்துக்குக் கறையான் ஏறியிருந்தது. ஜிப்சத்தின் பின்பக்கக் கடதாசியையும் விடவில்லை. நீரோட்டம் கீறினது போலக் கோடு கோடாகத் தின்றிருந்தது. ஜிப்சம் மாவைக் கறையான் தின்னாது, ஆனால் கடதாசி அதற்கு விருந்து. ஒரு மூலையில் 2012 இல் வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போன பிளேன்ரீக் கப் ஒன்றும் இருந்தது, அடியில் சீனியின் கறை காய்ந்தபடி.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடிச்சட்டத்தைச் சீமெந்து நிலத்தின்மேல் நேரடியாக வைத்து அடித்திருந்தார்கள். எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றாலும், பொங்கல், வருசம் என்றாலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுவோம். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் ஜிப்சத்துக்கும் சட்டத்துக்கும் கீழே போயிருக்கிறது. ஈரமும் மெல்லிய மரமும் இருட்டும் ஒரே இடத்தில். நிலத்துக்கும் கல்லுச் சுவருக்கும் இடையில் ஒரு மயிர் வெடிப்பு இருந்தது. மண் பாதை அதிலிருந்துதான் தொடங்கியிருந்தது.

என் திட்டப்படி ஜிப்சத்தின் மேலேயே பலகை அடித்திருந்தால், கறையானுக்குப் புதிய சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்து, கதவையும் சாத்திக்கொடுத்தது போலாகியிருக்கும்.

அம்மா கழிவொயில் பூசச் சொன்னார். அப்பு காலத்தில் வேலிக் கதிகாலுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் அதைத்தான் பூசினார்கள். ஆனால் படுக்கிற அறைக்குள் அந்த மணம் வருடக்கணக்கில் போகாது, அதன்மேல் பெயின்ற்றும் பிடிக்காது. நாங்கள் வெடிப்பைச் சீமெந்துக் கூழால் அடைத்து, நல்ல கால்களுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தூரிகையால் இரண்டு தரம் பூசினோம். இது தண்ணீர் படாத, உள்வீட்டு மரத்துக்குத்தான் சரிவரும். நனைந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு ஓடாவியார் சொன்ன யோசனைதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது: "மூண்டு கிழமை அப்பிடியே விடுங்கோ." திறந்த சுவரோடு மூன்று கிழமை. மனிசி முறைத்தாள், மகள் ஹோலில் படுத்தாள். தினமும் காலையில் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது கிழமையில் ஒரு காலின் அடியில் விரல் நீளத்துக்குப் புது மண்கோடு வந்திருந்தது. அந்தக் காலையும் வெட்டி எடுத்தோம். உடனே மூடியிருந்தால் அது தெரிந்திருக்காது.

அடிச்சட்டத்துக்கு எந்த மரம் என்பதில் எனக்கும் ஓடாவியாருக்கும் ஒரே எண்ணம்தான்: பனை. வைரம் ஏறிய கறுப்புப் பனையைக் கறையான் எளிதில் தொடாது. எங்கள் கூரைகளே அதற்குச் சாட்சி. ஆனால் புதிதாகப் பனை தறிப்பது நினைத்தபடி செய்கிற காரியமில்லை, சட்டம் இருக்கிறது. பழைய வீடு உடைத்த சாமான் விற்கிற இடத்தில் நல்ல பனந்தீராந்தி (கூரை உத்தரம்) இரண்டு எடுத்தோம். பனையின் குணம் என்னவென்றால், ஆணி அடித்தால் ஆணி வளையும், ஸ்குரூ போட்டால் தலை முறியும். ஒவ்வொரு ஓட்டையையும் ட்ரில்லால் முதலே துளைத்துத்தான் ஆக வேண்டும். கையுறை இல்லாமல் தூக்கி உள்ளங்கையில் சிராம்பு ஏற்றிக்கொண்டது என் பங்கு. கறுப்பு ஊசி மாதிரி, ஒரு அங்குலம். அம்மா ஊசியும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து எடுத்துவிட்டார், அதோடு அரை மணிநேர அறிவுரையும்.

நிலத்துக்கும் பனைக்கும் இடையில் தடித்த பொலித்தீனை இரண்டு மடிப்பாகப் போட்டோம். நிலத்து ஈரம் மரத்துக்கு ஏறாமல் இருக்க இது ஒன்றே போதும். 2012 இல் செலவழிக்காத அந்த நூறு ரூபாப் பொலித்தீனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இனிக் கால்கள். பழைய கால்கள் ஆறும் மனம் போன போக்கில் நின்றன. ஒரு இடைவெளி 19 அங்குலம், அடுத்தது 25. ஜிப்சத்துக்கு அப்படி ஒப்பேற்றிவிட்டார்கள். பிளைவுட் எட்டுக்கு நாலு அடித் தாள், அதாவது 48 அங்குல அகலம். இரண்டு தாள் சந்திக்கிற இடம் கட்டாயம் ஒரு காலின் நடுவில் வர வேண்டும், இல்லையென்றால் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். 48 ஐ மூன்றாகப் பிரித்தால் 16. ஆகவே 16 அங்குலத்துக்கு ஒரு கால். இந்தக் கணக்கை ஓடாவியார் வராத ஒரு நாளில் நானே செய்து, மூன்று காலை நட்டும்விட்டேன். பின்னேரம் தாளைத் தூக்கி வைத்துப் பார்த்தால் விளிம்பு காலைச் சந்திக்கவே இல்லை, ஆறு அங்குலம் தள்ளி நிற்கிறது. நான் செய்த பிழை: ஒரு காலின் விளிம்பிலிருந்து அடுத்த காலின் விளிம்புக்கு 16 அளந்திருக்கிறேன். கால் இரண்டு அங்குலத் தடிப்பு. ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு அங்குலம் கூடி, மூன்றாவதில் ஆறாகிவிட்டது. நடுவுக்கு நடு அளக்க வேண்டும். அதைவிடச் சுகமான வழி, அளவு நாடாவைச் சுவர் மூலையில் கொளுவிவிட்டு, 16, 32, 48 என்று ஒரே இழுவையில் அடிச்சட்டத்தில் குறித்து, குறி காலின் நடுவில் வரும்படி நிறுத்துவது. ஒவ்வொரு காலாக அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும். ஓடாவியார் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். ஏச்சு வாங்கியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

ஆணியைப் பிடுங்கித் திரும்ப நட்டோம். ஒரே ஆறுதல், இந்தச் சுவர் கூரையைத் தாங்குகிற சுவரில்லை. ஹோலை மறிக்க நிற்கிற சுவர். கூரைப் பாரம் இறங்குகிற சுவராக இருந்திருந்தால் ஒரு காலைக்கூட முட்டுக்கொடுக்காமல் தொட்டிருக்கக் கூடாது.

சுவர் திறந்திருந்த நாட்களில்தான் வயரைப் பார்க்கச் சொல்லித் தெரிந்த எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் மெயினை நிறுத்திவிட்டு வந்து, வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். பிளக்குக்குப் போகிற வயர் ஒரு காலோடு ஒட்டி ஓடியது. ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "அண்ணை, இஞ்ச பாருங்கோ" என்றார். ஜிப்சம் ஸ்குரூ ஒன்று வயரின் தோலைக் கீறிக்கொண்டு மரத்துக்குள் போயிருந்தது. நகக்கீறல் அளவு இடத்தில் செம்பு மினுங்கியது. பதினொரு வருடமாக அது அப்படியே இருந்திருக்கிறது. மாரி காலத்தில் காரணமே இல்லாமல் எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழும். அதற்கு இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். வயரை மாற்றின பிறகு வந்த மாரியில் ஒருமுறைகூட விழவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

புது வயரைக் குழாய்க்குள் விட்டு, காலின் நடுவில் துளைத்துக் கொண்டுபோனார். காலின் முன்விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றேகால் அங்குலம் உள்ளே துளை இருந்தால், பலகைக்கு அடிக்கிற ஸ்குரூ வயரைத் தொடாது. அந்த அளவு கிடைக்காத இரண்டு இடங்களில் காலின் முகப்பில் சின்ன இரும்புத் தகடு அடித்தார். மூடுவதற்கு முதல் நாள், அளவு நாடாவை நிலத்திலிருந்து விரித்துப் பிடித்து, ஒவ்வொரு காலுக்கும் வயருக்கும் கைபேசியில் படம் எடுத்தேன். பதினாறு படம்.

பிளைவுட்டைப் பட்டா லொறியில் கொண்டுவந்து இறக்கி, இடமில்லாததால் விறாந்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அந்த மூன்று கிழமையில் நான்கு தாளும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டன. தாளைச் சாய்த்து வைக்கக் கூடாது, நிலத்தில் மூன்று சட்டம் போட்டு அதன்மேல் படுக்க வைக்க வேண்டும் என்பது கடைக்காரருக்கும் தெரியும், ஓடாவியாருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. வளைவு மேலே பார்க்கப் படுக்கவைத்து, சீமெந்துப் பைகளை ஏற்றி நாலு நாள் விட்டதில் முக்கால்வாசி நிமிர்ந்தது. மிச்சத்தை ஸ்குரூ இழுத்துக்கொண்டது. படுக்கவைத்ததில் இன்னொரு நன்மை, பலகை வீட்டுக்குள் இருக்கிற காற்றுக்குப் பழகிவிடும். புதுப் பிளைவுட்டின் கண் எரிகிற மணமும் கொஞ்சம் பறந்துபோகும்.

பூட்டுகிற வேலை உண்மையில் ஒன்றரை நாள்தான். தாளின் அடியில் அரை அங்குல மரத்துண்டு வைத்து, அதன்மேல் தாளை நிறுத்திப் பூட்டிவிட்டுத் துண்டை இழுத்தோம். வீடு கழுவுகிற தண்ணீர் பலகையைத் தொடாதிருக்க அந்த இடைவெளி. அதை மறைத்து, நான்கு அங்குல உயரத்துக்கு அடியில் ரைல்ஸ் ஒட்டினோம். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு இரண்டரை அங்குல ஆணியைச் செருகிவைத்துத்தான் அடுத்ததைப் பூட்டினார் ஓடாவியார். ஆணியின் தடிப்பு மூன்று மில்லிமீற்றர் அளவு. மாரியில் பலகை ஊதும்போது விளிம்பும் விளிம்பும் முட்டி மேலே எழும்பாமல் இருக்க அந்த வெளி. ஒன்றரை அங்குல ஸ்குரூ, விளிம்புகளில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, நடுக்கால்களில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்று. ஸ்குரூத் தலை பலகை முகத்தோடு சமமாக நின்றால் போதும். எனக்கு ட்ரில் கிடைத்த உற்சாகத்தில் ஆறேழு தலையை உள்ளே புதைத்துவிட்டேன். மேல்தாள் கிழிந்தால் அந்த ஸ்குரூ பிடிப்பது பாதிதான், பக்கத்தில் இன்னொன்று போட வேண்டியிருந்தது.

சுவரின் உயரம் ஒன்பதரை அடி, தாள் எட்டு அடி. மேலே மிஞ்சின ஒன்றரை அடியை மூடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் விவாதம். மூடினால் ஹோலில் ரிவி சத்தம் படிக்கிற பிள்ளைக்குக் கேட்காது என்றாள் மனிசி. சித்திரை வெக்கையில் அந்த அறைக்குள் ஆர் இருக்கிறது என்று அம்மா கேட்டார். அம்மாதான் வென்றார். மேலே பனஞ்சலாகையைச் சாய்வாக அடித்து, காற்றுப் போகவிட்டோம். சத்தத்துக்காகச் சுவருக்குள் தும்பு அடைக்கலாம், முட்டை மட்டை அடைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தும்பு தீப்பிடிக்கும், எலியும் கரப்பானும் குடியேறும். முட்டை மட்டையால் சுவர் தாண்டுகிற சத்தம் நிற்காது. ஒன்றும் அடைக்கவில்லை. நாடகம் போகும்போது ரிவியின் சத்தத்தைக் குறைக்கிறோம்.

ஹோல் பக்கத்துக் கதை வேறு. 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்த மழையில் கிணற்றடி வேம்பு சாய்ந்தது. அதை மரக்காலையில் (மரம் அரிந்து விற்கிற இடம்) அரிந்து, பலகைக்குப் பலகை குச்சி வைத்து அடுக்கி, பின்விறாந்தையில் நிழலில் விட்டிருந்தேன். எதற்கு என்று தெரியாமலே வைத்திருந்த மரம். இரண்டரை வருடத்தில் நன்றாகக் காய்ந்திருந்தது. ஹோல் பக்கம் நிலத்திலிருந்து நாலு அடி உயரத்துக்கு அந்த வேம்பை அடிப்பது என்று முடிவு. அந்தப் பக்கத்து ஜிப்சத்தை முழுக்கக் கழற்றவில்லை. கறையான் தின்ற அடி ஒரு அடியை மட்டும் நேராக வெட்டி எடுத்து, சீமெந்துச் சீற் வைத்தோம். மரத்துக்குப் பின்னால் ஜிப்சம் நிற்பது நல்லது, தீ பிடித்தால் அது கொஞ்ச நேரமாவது மறித்து நிற்கும். இதே காரணத்தால் சாமிவிளக்கு எரிகிற மூலையில் மரமே போடவில்லை. அங்கே சீமெந்துச் சீற்றும் ரைல்ஸும்தான்.

பலகையைப் படுக்கையாக அடித்தால் எல்லாக் காலிலும் ஆணி ஏறும், லேசான வேலை. மனிசிக்கு அது பிடிக்கவில்லை. "இஞ்சருங்கோ, படுக்கைக் கோட்டிலை நிக்கிற தூசியை ஆர் துடைக்கிறது?" நியாயம்தான். நிமிர்த்தி அடிப்பதென்றால், பலகையின் தலையும் அடியும் நடுவும் ஆணி ஏறக் கால்களுக்கு இடையில் குறுக்குச் சட்டம் வேண்டும். நல்ல காலம், இந்தப் பேச்சு வந்தபோது அறைப்பக்கம் இன்னும் மூடப்படவில்லை. அங்கிருந்து இரண்டு அடிக்கு ஒரு குறுக்கை வைத்தோம். பிளைவுட் பூட்டின பிறகு பேசியிருந்தால் மனிசி படுக்கைக் கோட்டைத்தான் துடைத்துக்கொண்டிருப்பாள், நானும் தினமும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஓரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், மற்ற ஓரத்தில் அதற்குள் போகிற நாக்கு. நாக்குப் பக்கம் மட்டும் சாய்வாக ஆணி அடித்து, அடுத்த பலகையின் காடியை அதன்மேல் செருகினால் ஆணி தெரியாது, பலகைக்கும் அசைய இடம் இருக்கும். மரம் நீளவாட்டில் சுருங்குவது அற்பம், அகலவாட்டில்தான் எல்லா ஆட்டமும். இரண்டு ஓரத்தையும் இறுக்கி அடித்துவிட்டால் நடுவில் வெடிக்கும்.

எங்கள் வேம்பில் பத்தொன்பது பலகைதான் தேறியது, தேவை இருபத்தேழு. மிச்சம் எட்டையும் மரக்காலையில் வாங்கினேன். "காஞ்ச மரமோ?" என்று கேட்டேன், "ஓமோம்" என்றார்கள். கையில் தூக்கினபோது எங்கள் பலகையைவிடப் பாரமாக இருந்தது. அந்தப் பாரமே பதில், நான்தான் காதில் போடவில்லை. எல்லாவற்றையும் அடித்து முடித்து, அதன் பிறகு வார்னிஷ் பூசினோம். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அந்த எட்டுப் பலகையும் சுருங்கிவிட்டன, ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலம் வரும். காடிக்குள் ஒளிந்திருந்த நாக்கு வெளியே வந்து, வார்னிஷ் படாத வெளிறிய கோடாகத் தெரிகிறது. பத்தொன்பது பலகை ஒரே நிறம். கதவுப் பக்கத்து எட்டுக்கும் மட்டும் பட்டுச்சேலைக் கரை மாதிரி வெள்ளைக் கோடு. வருகிற சனம் டிசைன் என்று நினைக்கிறது, நான் திருத்துவதில்லை. நாக்குக்கு முதலே வார்னிஷ் பூசிவிட்டு அடித்திருந்தால் சுருங்கினாலும் கண்ணில் பட்டிருக்காது.

பிளக் பொக்ஸ் விசயத்தையும் சொல்லிவிட வேண்டும். வேம்புப் பலகை முக்கால் அங்குலம். அதை அடித்ததும் பழைய பொக்ஸ் முக்கால் அங்குலம் உள்ளே போய்விட்டது. நீளமான ஸ்குரூப் போட்டு மூடியை மட்டும் முன்னால் கொண்டுவரலாம் என்றுதான் நான் நினைத்தேன். எலக்ட்ரீசியன் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பிளக்குக்குள் பொறி பறந்தால் பொக்ஸின் சுவருக்குப் பதிலாகப் வெறும் மரத்தின் விளிம்பு அதற்குப் பக்கத்தில் நிற்கும். பொக்ஸையே கழற்றி, பலகை முகத்தோடு சமமாக வரும்படி முன்னால் நகர்த்திப் பூட்டினார். கதவு நிலைக்கும் இதே பிரச்சினைதான். சுவர் நிலையைத் தாண்டி முன்னால் வந்துவிட்டதால், ஓரத்தில் சட்டம் ஒன்று இழைத்துப் போட்டு மறைத்தோம்.

கடைசி நாள் பிளைவுட்டில் மிஞ்சின துண்டுகளை வைத்தே தட்டும் செய்தார் ஓடாவியார். பூட்டி முடித்துவிட்டு, புத்தகம் அடுக்க வந்த மகளை மறித்து, தட்டின் தாங்கியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தொங்கு தொங்கினார். அம்மா வாசலில் நின்று, "ஐயோ, விழப்போறியள்" என்று பதறினார். சுவர் அசையவில்லை.

அடியில் ஒட்டின ரைல்ஸில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல், கைப்பிடி வைத்த சின்ன மரத்துண்டு ஒன்று செருகியிருக்கிறோம். மாதம் ஒருமுறை அதை இழுத்து, ரோர்ச் அடித்து அடிச்சட்டத்தைப் பார்ப்பேன். போன மாதம் அறைக்கு ஒரு சுவர்க்காற்றாடி பூட்ட வந்த பெடியன் எங்கே துளைப்பது என்று தயங்க, மகள் கைபேசியில் பழைய படத்தை எடுத்து, "நிலத்திலையிருந்து நாலரை அடி, இந்தக் காலிலை அடியுங்கோ அண்ணை, வயர் மற்றப் பக்கம்" என்றாள். அன்றைக்கே கீழ்த்துண்டையும் இழுத்துப் பார்த்தேன். பனை கறுப்பாக, காய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு பல்லி மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே ஓடியது.